மூணு எழுத்து வாசல்

அந்த மூணு எழுத்து என்னன்னு நான் சொல்ல மாட்டேங்க. சொன்னா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க, போனை எடுத்து ஒருவாட்டி தட்டித்தான் பாப்பீங்க, தட்டினீங்கன்னா அடுத்த நிமிசம் எங்க வாசல்ல வந்து நிப்பீங்க, லுங்கியோ நைட்டியோ எதுல இருக்கீங்களோ அதுலயே, சோத்துக் கையோட இருந்தா சோத்துக் கையோட நிப்பீங்க, உங்களை வாங்கன்னு கேட்டுத் தண்ணி குடுக்கறதுக்கு எங்கம்மா அடுப்புல இருக்கற பாலை எறக்கி வெச்சுட்டு ஓடி வரணும். அதனால வேண்டாம், கதையை மட்டும் கேளுங்க. ஆபீஸ்ல கொட்டேசன் அடிக்கற சாக்குல, அப்பா போன் பேசற நேரம் பாத்துத்தான் இதை அடிக்கறேன், அங்கங்க மூச்சு வாங்கினா கோச்சுக்காதீங்க.

எங்க ஊரு திருச்செங்கோடு. மலையை எந்தப் பக்கம் சுத்தினாலும் ரிக் வண்டி நிக்கும், போர் போடற வண்டி, முதுகு மேல இரும்புக் கோபுரத்தைப் படுக்க வெச்ச மாதிரி, பக்கத்துலயே கம்ப்ரசர் வண்டி, அடியில பாய் விரிச்சுத் தூங்கற பசங்க. நாட்டுல எந்த மூலையில பூமியைத் தொளைச்சாலும் அது எங்க ஊரு வண்டியாத்தான் இருக்கும்னு எங்காளுங்க பெருமை பேசுவாங்க, பாதி உண்மைதான். ஒவ்வொரு வண்டி நெத்தியிலயும் ரெண்டு எழுத்து மூணு எழுத்துல கம்பெனி பேரு இருக்கும், எங்க ஊருக் கொழந்தைங்க இங்கிலீசைப் பள்ளிக்கூடத்துல படிக்கறதுக்கு முன்னாடி லாரி நெத்தியிலதான் படிக்கும்.

எங்க வண்டிக்குப் பேரு வெச்சது எங்க சித்தப்பா செங்கோட்டுவேல், அப்பாவோட தம்பி. தாத்தா பேரு, குலதெய்வத்துப் பேரு, ஊரு பேருன்னு எல்லாத்தையும் கோத்து நெத்தி நிறைய எழுதணும்னு அப்பா சொன்னாராம். பெயிண்டர் எழுத்துக்கு எழுத்து கூலி கேப்பாரு, அது ஒரு பக்கம், சித்தப்பா சொன்ன காரணம் வேற.

"அண்ணா, வண்டி போற வேகத்துல ரோட்டோரம் ஆடு மேய்க்கறவன் ஒருவாட்டி நிமுந்து பாத்தா மனசுல ஒட்டணும். ஒட்டலைன்னா அது பேரில்லீங்கண்ணா, கடுதாசி."

அப்படி மூணே எழுத்து. அப்புறம் இன்டர்நெட்டுன்னு ஒண்ணு வந்துருக்குதாம்னு கேள்விப்பட்டு, நான் பொறக்கறதுக்கும் முன்னாடி, ஊர்ல ஒருத்தருக்கும் அது திங்கறதா குடிக்கறதான்னு தெரியாத காலத்துல, சித்தப்பா சேலம் போயி ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல அதே மூணு எழுத்தை அட்ரஸா எழுதி வாங்கிட்டு வந்தாரு. அதுல ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளைப் பக்கம், அதுக்கு வருசா வருசம் புதுப்பிக்கறதுக்குன்னு காசு வேற. எங்க கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை போட்டிருக்கற செல்லமுத்து அண்ணன், "மாடே இல்லாத வீட்டுல கவுத்துக்கு வாடகை கட்றானப்பா ஒருத்தன்"னு போற வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. சித்தப்பா கண்டுக்க மாட்டாரு. சித்தப்பாவுக்கும் அம்சவேணி சித்திக்கும் கொழந்தை இல்ல, நாந்தான் கொழந்தை, என்னை மடியில உக்கார வெச்சு, என் விரலைப் புடிச்சு அந்த மூணு எழுத்தை ஒவ்வொண்ணா அமுக்க வெப்பாரு, வெள்ளைப் பக்கம் வரும், அதைப் பாத்து ரெண்டு பேரும் சந்தோசப்படுவோம், என்னத்துக்குன்னு அன்னிக்கும் தெரியாது இன்னிக்கும் தெரியாது.

ஆறு வருசத்துக்கு முன்னாடி சித்தப்பா வண்டியோட வடக்க போனாரு. எங்கயோ ஒரு காட்டு ஓரம், போர்க்குழிக்குள்ள எறக்கற இரும்பு ராடு நழுவி ஹெல்மெட்டுல அடிச்சிருச்சு, ஒண்ணுமில்லடான்னு எந்திரிச்சு உக்காந்தாரு, சாப்பிட்டாரு, காலைல டீ குடிச்சுட்டு வர்றேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டுப் போனவரு வரவே இல்ல. அப்பா போகாத ஊரில்ல, ஒட்டாத போட்டோ இல்ல. போலீசு ஃபைலை மூடிட்டாங்க. சித்தி மட்டும் தெனமும் அவரு தட்டைக் கழுவிக் கவுத்து வெப்பாங்க.

இது நெலமை. இப்ப விசயத்துக்கு வர்றேன்.

போன மாசியில ஒரு செவ்வாக்கெழம காலைல, அம்மா வாசலுக்குத் தண்ணி தெளிச்சுட்டு நிமுந்தா, கேட்டுக்கு உள்ள ஒரு வெள்ளைக்கார ஆளு அரை டவுசரோட, வாய் நெறைய பேஸ்ட்டு நொரையோட நின்னுட்டிருந்தாரு. எதையோ தேடற மாதிரி இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. அம்மா பக்கெட்டைக் கீழ வெச்சு, முந்தானையில கையத் தொடச்சுட்டு, "வாங்க"ன்னாங்க. எங்க பக்கம் அப்படித்தாங்க, வாசலுக்கு வந்தவங்களை வாங்கன்னு கேக்காம விட்டா அது சாதாரணத் தப்பில்ல, ஒரு 'வாங்க' விட்டுப் போனதுக்காக அண்ணந் தம்பிக்குள்ள பேச்சு நின்ன குடும்பம் இருக்கு, கல்யாணத்துல பந்தியில இருந்து பாதியில எந்திரிச்சுப் போன சம்பந்தி இருக்கு, எதிரியே வந்தாலும் மொதல்ல வாங்க, அப்புறந்தான் சண்டை. அந்த வெள்ளைக்காரரு அம்மா குரல் வந்த பக்கம் தலையத் திருப்பினாரு, ஒரு மூச்சு நின்னாரு, இல்லாமப் போயிட்டாரு. ஈரத்துல அவரு கால் தடம் மட்டும் இருந்துச்சு.

"யாரு வந்தா?"ன்னு அப்பா உள்ள இருந்து கேட்டாரு.

"தெரியலைங்க. பல்லு வெளக்கிட்டிருந்தாரு, போயிட்டாரு."

அப்புறம் ஒரு பொண்ணு இடுப்புல கொழந்தையோட. அப்புறம் கோட்டு சூட்டு போட்ட ஒருத்தரு. அப்புறம் தொப்பியில பனி ஒட்டின ஒரு பெரியவரு, அவரு போன பின்னாடி அந்தப் பனி எங்க வாசல்ல கரைஞ்சுது, நாயி நக்கிப் பாத்துச்சு. நாற்காலி இல்லாம உக்காந்த வாக்குலயே அந்தரத்துல வந்தவங்க, பஸ்ஸுல ஆடற மாதிரி ஆடிக்கிட்டே வந்தவங்க, கக்கூஸ்ல உக்காந்த கோலத்துலயே வந்த ஒருத்தரு, அவரை மட்டும் அம்மா கண்ணை மூடிக்கிட்டே வாங்கன்னாங்க. வந்தாங்க, நின்னாங்க, பாத்தாங்க, போனாங்க. எனக்கு மத்தியானமே பிடிபட்டுருச்சு. நம்ம அட்ரஸுக்கு எந்த நேரம் யாரு வந்தாங்கன்னு என் லேப்டாப்புல காட்டும், அங்க ஒரு ஆள் கூடினா இங்க வாசல்ல ஒரு ஆள் நிக்கறாங்க. வெளிநாட்டுல அதே மூணு எழுத்துல ஒரு கம்பெனி திடீர்னு பிரபலமாயிருச்சு, அதோட அட்ரஸு நீளம், ஜனங்க நீளமாத் தட்ட சோம்பல்பட்டு மூணு எழுத்தை மட்டும் தட்டறாங்க, தட்டினா நம்ம வாசல். நான் குதிச்சுக்கிட்டுப் போயி சொன்னேன். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"மதியத்துக்கு யாராச்சும் சாப்பிடற மாதிரி வருவாங்களா கண்ணு?"

ஊரு அவங்களுக்கு ஒறம்பரைன்னு பேரு வெச்சிருச்சு, எங்க பக்கம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களை அப்படித்தான் சொல்லுவோம். ஒரு வாரத்துல எல்லாரும் பழகிட்டாங்க. செல்லமுத்து அண்ணன் கேட்டோரம் பெஞ்சு போட்டாரு, ஒறம்பரையைப் பாக்க வர்ற கூட்டத்துக்கு டீயும் வர்க்கியும் ஓடுச்சு, கொழந்தைங்க துணியைப் பாத்து எந்த ஊருல குளுரு எந்த ஊருல வெய்யிலுன்னு சொல்லக் கத்துக்கிச்சு, வேன் டிரைவருங்க கேட்டு முன்னாடி வந்தா ஹாரன் அடிக்காம மெதுவாப் போனாங்க, கவுன்சிலர் வந்து இவங்களுக்கெல்லாம் ரேசன் கார்டு கேப்பாங்களான்னு விசாரிச்சாரு, எங்க தெருக் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு போறப்ப நடுவுல எங்க கேட்டுல வந்து நின்னவங்களுக்கும் சேத்துச் சந்தனம் நீட்டினாங்க, ஒரு ஜப்பான்கார அம்மா நெத்தியில சந்தனத்தோடவே திரும்பிப் போனாங்க. அவங்களுக்கு நாம பேசறது கேக்காது, நம்ம மூஞ்சி தெரியாது, அவங்க பாக்கறது அந்த வெள்ளைப் பக்கத்தைத்தான். ஆனா 'வாங்க' மட்டும் எப்படியோ காதுல விழும். விழுந்தவங்க ஒரு மூச்சு கூடுதலா நிப்பாங்க, சிலரு தண்ணி கூட வாங்கிக் குடிப்பாங்க, டம்ளர் விளிம்புல உதட்டுச் சாயம் ஒட்டியிருக்கும். அம்மாவுக்குத் தொண்டை கட்டின அன்னிக்கு வந்தவங்க எல்லாம் கண்ணு சிமிட்டற நேரத்துல மறைஞ்சு மறைஞ்சு போனாங்க. அதுக்கப்புறம் தெருப் பொம்பளைங்க மொறை வெச்சு வந்து உக்காந்து வாங்க வாங்கன்னு கேட்டாங்க.

அப்பா மட்டும் சிரிக்கல. ரெண்டு வண்டியும் வேலையில்லாம ஷெட்டுல நின்னுச்சு, ஃபைனான்ஸ்காரங்க வந்துட்டு வந்துட்டுப் போனாங்க, அவங்க வந்தாலும் அம்மா வாங்கன்னுதான் கேட்டாங்க. சம்பளம் இல்லாத பசங்களோட பொண்டாட்டிங்க கேட்டுல வந்து நிப்பாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஒறம்பரை பாக்க வந்த மாதிரி நின்னுட்டுப் போவாங்க.

சித்தப்பா வந்தது ஒரு மத்தியானம். வெய்யிலு வெள்ளையா அடிச்சிட்டிருந்துச்சு. கம்ப்ரசர் வண்டிப் பக்கத்துல ஒரு ஆள், வேற யாரோ போட்டுக் கழட்டின சட்டை, தாடி, கையில யாருதோ ஒரு ஒடஞ்ச போனு. நான்தான் மொதல்ல பாத்தேன். வண்டி நெத்தியைப் பாத்து உதடு அசைஞ்சுது, மூணு அசைவு. "சித்தப்பா"ன்னு கத்தினேன். செல்லமுத்து அண்ணன் டீ வடிகட்டியைப் போட்டுட்டு "வேலு, டேய் வேலு"ன்னு ஓடி வந்தாரு. சித்தி கொல்லையில பாத்திரம் தேச்சிட்டிருந்தவங்க சாம்பக் கையோட "ஏனுங்க, ஏனுங்க"ன்னு வந்தாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள அந்த எடத்துல வெய்யிலு மட்டும் இருந்துச்சு.

அப்புறமும் வந்தாரு. சில நாள் ரெண்டு வாட்டி, சில வாரம் இல்லவே இல்ல. வருவாரு, மத்த ஒறம்பரைக்குத் தெரியாத வண்டி நெத்தியை அவரு மட்டும் பாப்பாரு, கலங்கின மாதிரி சுத்தியும் பாப்பாரு, போயிருவாரு. எனக்கு விளங்குச்சு. எங்கயோ யாரோ பெரியவரே உங்க ஊரு எதுன்னு கேக்கறாங்க, போனைக் கையில குடுக்கறாங்க. ஊரு தெரியல, பேரு தெரியல, பொண்டாட்டி முகம் தெரியல, எல்லாம் அந்த ராடு அடிச்சதுல போயிருச்சு. ஆனா மூணே எழுத்து, ரொம்பச் சின்னது, மறக்கறதுக்கு அதுல எடமில்ல. அது விரல்ல தங்கிருச்சு. நான் வெள்ளைப் பக்கத்தை எடுத்துட்டு சித்தி போட்டோ, எங்க போன் நம்பரு, தமிழ்லயும் இந்தியிலயும் இவரைப் பாத்தா கூப்பிடுங்கன்னு எல்லாம் பெருசா போட்டேன். அவருக்குப் படிக்கறதும் மறந்திருக்கணும், போட்டோவையும் யாரையோ பாக்கற மாதிரி பாத்தாரு, போன் குடுத்தவங்களும் திருப்பி வாங்கிப் பாக்கல. எங்க இருந்து வந்தாருன்னு லேப்டாப்பு ஒருவாட்டி ஒரு ஊரைக் காட்டும், அடுத்தவாட்டி வேற ஊரைக் காட்டும். அப்பா ரெண்டு ஊருக்கும் ஓடினாரு, வெறுங்கையோட வந்தாரு.

அந்த நேரத்துலதான் கோயமுத்தூருல இருந்து சுதர்சன்னு ஒரு தம்பி கார் போட்டுட்டு வந்தாரு. பேரு வாங்கி விக்கறதுதான் அவரு தொழிலு. அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காக நம்ம மூணு எழுத்தை விலைக்குக் கேட்டாரு. அவரு சொன்ன தொகையைக் கேட்டு அப்பா வெத்தலையைக் கீழ போட்டுட்டாரு.

செல்லமுத்து அண்ணன் டீயோட வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. "ஏந் தம்பி, மூணு எழுத்துக்கு இத்தனையா? எம்பேர்ல அதைவிட நெறைய இருக்குதே, எனக்கு ஒரு மலையவே எழுதிக் குடுப்பீங்களா?"

"நீளமா இருந்தா விலை இல்லீங்கண்ணா. கொறையக் கொறையத்தான் ஏறும்."

"அப்ப ஒண்ணுமே எழுதலைன்னா?"

"அதை யாருகிட்ட இருந்தும் வாங்க முடியாதுங்களே."

எல்லாரும் சிரிச்சாங்க. சுதர்சன் நல்ல மாதிரிதான். பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பொறுமையா வெளக்கினாரு. "சார், பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு எடம் இருக்குன்னா அதுக்கு ஏன் விலை? அந்த முக்கு ஒண்ணுதான் இருக்கு, இன்னொரு முக்கை யாரும் செய்ய முடியாது. மூணு எழுத்தை எத்தனை விதமா மாத்திப் போட்டாலும் ஒரு கட்டத்துல தீந்துரும், அது தீந்து பல வருசமாச்சு. இனிமே ஒருத்தர் கையில இருந்து ஒருத்தரு வாங்கறதுதான். போன்ல சொன்னா மறுபடி கேக்க மாட்டாங்க, குடிச்சவன் கூடத் தப்பில்லாம அடிப்பான். இதோ பாருங்க." அப்ப கேட்டுக்கிட்ட காதுல ஹெட்போனோட ஒரு கர்ப்பிணிப் பொண்ணு வந்து நின்னுச்சு, மொறைக்கு இருந்த பக்கத்து வீட்டக்கா வாங்க அம்மிணின்னாங்க. "ஒரு விளம்பரம் இல்ல, ஒரு நோட்டீஸ் இல்ல, தானா வந்து நிக்கறாங்க பாத்தீங்களா? அந்தக் கம்பெனி குடுக்கற காசு எழுத்துக்கில்லீங்க சார், இந்த வாசலுக்கு."

"வித்துட்டா இவங்கெல்லாம்?"ன்னு அம்மா கேட்டாங்க.

"அவங்க வாசலுக்குப் போயிருவாங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க."

சித்தி அதுவரைக்கும் தூண்ல சாஞ்சு நின்னுட்டிருந்தாங்க, உள்ள போயிட்டாங்க.

அந்தப் பேரைப் பாத்துக்கறது, புதுப்பிக்கறது எல்லாம் எங்கிட்டதான் இருக்கு, விக்கறதுன்னா என் லேப்டாப்புல நாந்தான் பட்டனை அமுக்கணும். அப்பா ரெண்டு நாள் சோறு எறங்காம இருந்துட்டு எங்கிட்ட வந்தாரு. "உஞ்சித்தி சரின்னா அமுக்கு. இல்லைன்னா வேண்டாம். ஆனா பசங்களைப் பாத்தா எனக்குத் தலை நிமிர முடியல மௌனி." அப்பா என் முழுப் பேரைச் சொல்லி மௌனிகான்னு கூப்பிட்டா கோவம், மௌனின்னா கெஞ்சறாருன்னு அர்த்தம். ஊரும் ரெண்டாப் பேசுச்சு. ஒறம்பரையால பொழப்பு ஓடறவங்க வேண்டாம்னாங்க, மொறைக்கு உக்காந்து தொண்டை போனவங்க வித்துத் தொலைங்கன்னாங்க, எப்பவோ போயிட்ட ஆளுக்காக இருக்கற ஆளுங்க வயித்துல ஈரத்துணி போடறதான்னு ஒருத்தரு டீக்கடையில சத்தமாவே கேட்டாரு. அன்னிக்கு செல்லமுத்து அண்ணன் அவருக்கு டீ ஊத்தல.

நான் யோசிச்சுட்டே இருந்தேன். எங்கிருந்தோ வந்த பல்லு வெளக்கற ஆளு ஒரு மூச்சு நிக்கறாரு, தண்ணி குடிச்சுட்டுப் போறாங்க, சித்தப்பா மட்டும் ஏன் இமைக்கறதுக்குள்ள போறாரு? அப்பத்தான் உறைச்சுது. அவரை யாருமே வாங்கன்னு கேக்கல. நான் சித்தப்பான்னு கத்தினேன், அண்ணன் டேய் வேலுன்னாரு, சித்தி ஏனுங்கன்னாங்க, அம்மா அழுதாங்க. ஊரு ஒலகத்தையே வாங்கன்னு கேட்ட வாசல்ல அவரை மட்டும் ஒருத்தரும் கேக்கல, ஏன்னா அது அவரு வீடு, வீட்டு ஆளை எவன் வாங்கன்னு கேப்பான்? அதைத் தவிர வேற ஒண்ணும் கேக்காத காதுக்கு நாங்க ஊமையாவே நின்னிருக்கோம்.

ஓடிப் போயி சித்திகிட்ட சொன்னேன். அவங்க அவரு தட்டைக் கழுவிட்டிருந்தாங்க.

"சித்தி, அடுத்தவாட்டி நீங்க வாங்கன்னு கேட்டுப் பாருங்க."

"யாரை?"

"சித்தப்பாவை."

தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாங்க. "சொந்த வீட்டுக்கு வர்ற மனுசனை வாங்கன்னு கேக்கறதா? அவரென்ன பந்திக்கு வந்தவரா? நான் அப்படிக் கேட்டேன்னா அன்னிக்கே அவரு இந்த வீட்டு ஆளில்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும் மௌனி. போலீசு சொல்லியாச்சு, ஊரு சொல்லியாச்சு, உங்கப்பா கூட ஒருவாட்டி காரியம் பண்ண அய்யருகிட்ட நாள் கேக்கலாமான்னாரு. நான் மட்டுந்தான் இன்னும் சொல்லல. எங்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"நிப்பாரு சித்தி. கொஞ்ச நேரமாச்சும் நிப்பாரு."

"ஒறம்பரையா நிப்பாரு."

மீதிப் பாத்திரத்தை எடுத்து நான் கழுவ ஆரம்பிச்சேன். பேசினா அழுதுருவேன்னு இருந்துச்சு, எனக்கு அழறது சுத்தமா வராது, மூக்குதான் ஒழுகும்.

வெள்ளிக்கெழம சுதர்சன் மறுபடி வந்தாரு, பதிலுக்கு. காலைலயே பசங்க பொண்டாட்டிங்க கேட்டுல வந்து நின்னாங்க, அதுல ஒருத்திக்கு நெற மாசம். சித்தி அவளையே பாத்துட்டிருந்தாங்க. அப்பா, அம்மா, நான், டீ குடுக்கற சாக்குல செல்லமுத்து அண்ணன், நடுவுல ஸ்டூலு, ஸ்டூலு மேல லேப்டாப்பு. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. சித்திதான் மொதல்ல பேசினாங்க.

"அமுக்கு மௌனி. ஒருத்தருக்காக இத்தனை பேரை நிக்க வெக்க எனக்கு ஆகாது."

"நல்லா யோசிச்சியா வேணி?"ன்னு அம்மா கேட்டாங்க.

"யோசிச்சா அமுக்கச் சொல்ல முடியாதுக்கா."

நான் விரலை வெச்சேன். சத்தியமா வெச்சுட்டேன். அப்ப கம்ப்ரசர் வண்டிப் பக்கத்துல அவரு வந்து நின்னாரு. அதே சட்டை, தாடி இன்னும் நரைச்சிருந்துச்சு, கையில வேற யாருதோ போனு. வண்டி நெத்தியைப் பாத்தாரு, உதடு மூணுவாட்டி அசைஞ்சுது. யாரும் கத்தல. செல்லமுத்து அண்ணன் வாயைக் கையால பொத்திக்கிட்டாரு. அவரு உருவம் ஓரத்துல மங்க ஆரம்பிச்சிருச்சு.

சித்தி எந்திரிச்சாங்க. முந்தானையை இழுத்துத் தோளை மூடினாங்க, புது ஆளுங்க முன்னாடி மூடுவாங்களே அந்த மாதிரி.

"வாங்க."

குரலு வெளிய வந்துச்சா இல்லையான்னே தெரியல. ஆனா சித்தப்பா திரும்பினாரு. மங்கினது மறுபடி கெட்டியாச்சு. செருப்பை வாசலுக்கு வெளியவே விட்டுட்டு ஒரு படி மேல வந்தாரு. சொந்த வாசப்படி ஏறினதாலயோ என்னமோ, அதுக்கப்புறம் நாம பேசறதும் அவருக்குக் கேட்டுச்சு, மூஞ்சியும் தெரிஞ்சுது. சுதர்சன் யாரும் சொல்லாமயே சேரை விட்டு எந்திரிச்சு நகந்தாரு.

"உக்காருங்க"ன்னாங்க சித்தி. உள்ள போயி தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. சித்தப்பா சேரோட நுனியில உக்காந்து, தலையைத் தூக்கி உதட்டுல படாம குடிச்சாரு, அடுத்த வீட்டு டம்ளர்ல குடிக்கற மாதிரி. குடிச்சுட்டு மூச்சு விட்டாரு. எங்களை யாரையும் பாக்கல, சித்தியைப் பாத்து, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

"வீட்டுக்காரரு இல்லீங்களா?"

எங்கம்மா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க.

"வெளியூரு போயிருக்காருங்க"ன்னாங்க சித்தி.

"எப்ப வருவாருங்க?"

"வந்துருவாருங்க. வண்டியோட போயிருக்காரு, முன்னப் பின்ன ஆகும்."

"ஆமாங்க, வண்டிக்குப் போனா அப்படித்தாங்க." தெரிஞ்ச தொழிலைப் பத்திப் பேசற மாதிரி தலையாட்டினாரு. அப்புறம் ரிக்கு நெத்தியைக் காட்டினாரு. "பேரு நல்லாருக்குதுங்க. சுருக்கமா. மனசுல ஒட்டுது."

"அவருதாங்க வெச்சாரு."

"நல்ல ஆளு போலிருக்குதுங்க." டம்ளரைக் கீழ வெக்காம சித்தி கையிலயே குடுத்தாரு, எந்திரிச்சாரு. "சரிங்க, அப்ப போயிட்டு வர்றேனுங்க."

ஒறம்பரை கெளம்பறேன்னா நிறுத்தி வெக்க முடியாது. சித்தி வாசப்படி வரைக்கும் கூடப் போனாங்க. "போயிட்டு வாங்க"ன்னாங்க. அவரு செருப்பை மாட்டிக்கிட்டு, மாட்டின வாக்குலயே இல்லாமப் போயிட்டாரு.

 அப்புறம் அப்பா கையை நீட்டி லேப்டாப்பை மெதுவா மூடினாரு.

"சார், அவங்க இன்னும் ஏத்திக் குடுப்பாங்க, நான் பேசறேன்"னு சுதர்சன் ஆரம்பிச்சாரு.

"அவன் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் தம்பி. நீங்களும் இங்கதான் நின்னீங்க, கேட்டீங்கல்ல."

சுதர்சன் ஆமான்னாரு. டீயைக் குடிக்காமயே போனாரு.

ஆடி பொறக்கறதுக்குள்ள ரிக்கு வண்டியை ஃபைனான்ஸ்காரங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க, நெத்தியில பேரோட. இப்ப அதுல வேற யாரோ வேற பேரு எழுதியிருப்பாங்க. பசங்க வேற வண்டிக்குப் போயிட்டாங்க, போனவங்க பொண்டாட்டிங்க எங்களைக் கண்டா பேசறாங்க, ஆனா முன்ன மாதிரி இல்ல, அந்த நெற மாசக்காரி மட்டும் பேசறதே இல்ல, அவ பேசாததுக்கு நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது. கம்ப்ரசர் வண்டி மட்டும் ஷெட்டுல நிக்குது, அது நெத்தியிலயும் அதே மூணு எழுத்து இருக்கறதால அப்பா தெனமும் துணியில தொடைக்கறாரு. எனக்கு ஒரே பயம் புதுப்பிக்கற தேதிதான். காசு குடுத்து வாங்கின மாதிரி பேசறமே தவிர அந்தப் பேரு யாருக்கும் சொந்தமில்லீங்க, வருசத்துக்கு வருசம் வாடகைதான், ஒருவாட்டி மறந்தா போதும், பாத்துட்டே இருக்கறவன் எடுத்துக்குவான், சித்தப்பா வேற யாரோட வாசல்லயோ போயி வீட்டுக்காரரு இல்லீங்களான்னு கேப்பாரு. அதனால போன்ல, லேப்டாப்புல, காலண்டர்ல, சமையக்கட்டு சுவத்துல கூட எழுதி வெச்சிருக்கேன்.

அவரு வந்துட்டுத்தான் இருக்காரு. சித்தி வாங்கன்னு கேக்கறாங்க, தண்ணி குடுக்கறாங்க, வீட்டுக்காரரு வந்துருவாருங்கன்னு சொல்றாங்க. அவரு குடிச்ச டம்ளரை எங்க வெக்கறதுன்னுதான் அவங்களுக்கு அன்னியில இருந்து தெரியல. வீட்டுப் பாத்திரத்தோட வெக்க அவரு இன்னும் வீட்டு ஆளாத் திரும்பி வரல, ஒறம்பரைக்குன்னு இருக்கற டம்ளரோட வெக்க மனசு வரல. கழுவி, தொடைச்சு, ஜன்னல் மேடையில தனியாக் கவுத்து வெச்சிருக்காங்க. நீங்க தப்பித்தவறி என்னைக்காச்சும் அந்த மூணு எழுத்தைத் தட்டி எங்க வாசலுக்கு வந்துட்டீங்கன்னா, தாராளமா வாங்க, உக்காருங்க, தண்ணி கேளுங்க. அந்த ஜன்னல் டம்ளர்ல மட்டும் கேக்காதீங்க.